சர்வதேச சட்டத்தில் எல்எல்எம்: வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் போகலாமா?

மதுரைக்கிளை ஜூனியர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் வந்துபோகிறவன், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலாக என்ரோல் ஆகி நான்கு வருடம் ஆகிறது. மதுரையில் ஒரு சீனியரிடம் ஜூனியர். ஊர் ராமேஸ்வரம் பக்கம், அப்பா விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர், இடுப்பு போனபிறகு ஒரு மீன் கம்பெனியில் எடை போடுகிறார். எங்கள் ஆபீஸுக்கு வருவதெல்லாம் பட்டா, வாரிசு, பென்ஷன் ரிட்டுகள்தான். ஆனால் வருடத்துக்கு நாலைந்து தடவையாவது, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவர்களின் வீட்டுப் பெண்கள் வந்து படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்க்காரன் என்பதால் அந்தக் கட்டுகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அஃபிடவிட்டை, அதாவது மனுவோடு போகும் பிரமாணப் பத்திரத்தை, நான்தான் அடிப்பேன். படகு எண், டோக்கன் எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே வைத்துப் பிடித்தார்கள், கடைசியில் தூதரகம் மூலம் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவிட வேண்டும் என்று ஒரு வேண்டுதல். நடவடிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வரும், அதைப் பதிவுசெய்து மனு முடியும். இப்போது கண்ணை மூடிக்கொண்டே அடிக்க வருகிறது.

போன வருடம் ஏதோ தேடப்போய் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவு கண்ணில் பட்டது. மீன்பிடி விதியை மீறியதற்காகச் சிறைத்தண்டனை தரக்கூடாது, தகுந்த பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விடவேண்டும் என்று இருந்தது. புதையல் கிடைத்த மாதிரி சீனியரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இதெல்லாம் புஸ்தகச் சட்டம் தம்பி, அந்த வாரிசு கட்டை எடு" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச சட்டமும் தகராறுத் தீர்வும் சேர்ந்த ஒரு வருட எல்எல்எம் (சட்ட முதுகலை) படிப்புக்கு அட்மிஷன் கடிதம் கையில் இருக்கிறது. ஃபீஸ், தங்குவது, சாப்பாடு, விசா எல்லாம் கூட்டினால் 38 லட்சம் வருகிறது. பேங்கில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். வீடு அம்மா பேரில், தங்கச்சி கல்யாணம் பாக்கி. அம்மா கையெழுத்துப் போடத் தயார், அதுதான் பயமாக இருக்கிறது.

போய்விட்டு வந்தால் பிழைக்க வழி இருக்கிறதா, இல்லை இங்கேயே சென்னை, திருச்சி, டெல்லி என்று படிப்பது போதுமா? மீடியேஷன் (சமரசம்) டிரெயினிங் எடு, அது போதும் என்கிறான் ஒரு நண்பன். ஐ.நா. வேலை, ஹேக்கில் சர்வதேச நீதிமன்ற வேலை எல்லாம் நம் மாதிரி ஆட்களுக்குக் கிடைக்குமா? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.


ஹேக் ஈரக்குடை எழுதியது:

தம்பி, நான் பொள்ளாச்சிக்காரி. நெதர்லாந்தில் இதே படிப்பைப் படித்து, இப்போது ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர்கள் தீர்க்கும் வழக்குகள், பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன்.

முதலில் அந்த 73-ஐ முடித்துவிடுவோம். உங்கள் சீனியர் அதைப் புஸ்தகச் சட்டம் என்றது தப்பு, உலகத்தில் சில கப்பல்கள் அந்தப் பிரிவைக் காட்டி வெளியே வந்திருக்கின்றன. ஆனால் நீங்கள் கண்டுபிடித்ததும் பாதிதான். 73 பேசுவது பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தை, அதாவது கரையோரக் கடலைத் தாண்டி, மீன்வளம் மட்டும் ஒரு நாட்டுக்குச் சொந்தமாக இருக்கும் வெளிக்கடலை. உங்கள் ஊர்க்காரர்களைப் பிடிக்கிற பாக் நீரிணை அந்தக் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். 1974 ஒப்பந்தத்தின் தலைப்பையே ஒருதடவை நிதானமாகப் படியுங்கள், 'வரலாற்று நீர்ப்பரப்பில்' இரண்டு நாடுகளுக்கும் உள்ள எல்லை பற்றிய ஒப்பந்தம் அது. இரண்டு நாடுகளும் அந்தக் கடலைத் தங்கள் வீட்டு முற்றம் மாதிரி வைத்திருக்கின்றன, அங்கே 73-ஐக் கொண்டுபோய் நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். மன்னார் வளைகுடாவில் கரையைவிட்டு வெகுதூரம் தாண்டிப் பிடித்தார்கள் என்றால் அது வேறு வழக்கு, ஆகவே உங்கள் அஃபிடவிட்டில் 'எங்கே வைத்துப் பிடித்தார்கள்' என்ற வரிதான் உயிர்.

சரி, சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். இந்தியா அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக் கொடுத்த அறிவிப்பில் காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளை விலக்கி வைத்திருக்கிறது, 2019-ல் புதிதாகக் கொடுத்ததிலும் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது, இலங்கையும் காமன்வெல்த் நாடுதான். இதே விலக்கைக் காட்டித்தான் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது பற்றிப் பாகிஸ்தான் போட்ட வழக்கு 2000-ல் வாசலிலேயே திரும்பியது. பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட குல்பூஷன் ஜாதவ் வழக்கை மட்டும் எப்படி நடத்தினோம் என்றால், அது துணைத்தூதரக (கான்சுலர்) உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் கூடுதல் நெறிமுறை என்ற வேறொரு கதவு வழியாக.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு வருடம் முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எது சும்மா சாத்தியிருக்கிறது, யாரிடம் சாவி. நியாயம் யார் பக்கம் என்பதற்கு வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

ஒரு வகுப்பு மட்டும் மறக்காது. என்ரிகா லெக்ஸி தீர்ப்பு. 2012 பிப்ரவரி 15, கொல்லம் நீண்டகரையிலிருந்து போன படகில் இரண்டு பேரை இத்தாலியக் கப்பலின் காவல் வீரர்கள் சுட்டுக்கொன்றார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்தவர்களில் ஒருவர் நம் குமரி மாவட்டத்துப் பையன், படகு முதலாளியும் குமரிக்காரர். ஐந்து நடுவர்கள், 2020 மே மாதம் தீர்ப்பு. வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா அவர்கள்மீது வழக்கு நடத்த முடியாது என்று மூன்றுக்கு இரண்டு. இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு, தொகையைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் 10 கோடி, குடும்பத்துக்கு நாலு நாலு கோடி, படகுக்காரருக்கு 2 கோடி, 2021 ஜூனில் நம் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. வகுப்பில் இத்தாலிக்காரப் பையன் ஒருவன் "நாங்கள் ஜெயித்தோம்" என்றான், டெல்லிப் பெண் ஒருத்தி "இல்லை, நாங்கள்தான்" என்றாள். பேராசிரியர் என்னைப் பார்த்தார், எனக்கு அந்தப் படகில் மிச்சம் இருந்தவர்கள் ஞாபகம்தான் வந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் வேலை. சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதிகளே 15 பேர், கூட வேலை செய்கிற சட்ட ஆட்கள் ரொம்பக் கொஞ்சம். புதிதாகப் படித்து முடித்தவர்களை எடுக்கும் ஃபெலோஷிப் ஒன்று இருக்கிறது, அதற்கு நீங்களாக அப்ளை செய்ய முடியாது, உங்கள் பல்கலைக்கழகம் பெயர் கொடுக்க வேண்டும். செலவும் பெரும்பாலும் பல்கலைக்கழகம் தருவது, வளரும் நாட்டு ஆட்களுக்காகத் தனியாக ஒரு நிதியம் இப்போது வந்திருக்கிறது. அதனால் சேருமுன் "எங்கள் சார்பில் யாரையாவது அனுப்புவீர்களா" என்று அந்த அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்கள். ஐ.நா. தலைமையகத்து இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ ஆறு மாதம் யார் சோறு போடுவது? வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே அதிகம் தெரிவதற்கு இதுவும் காரணம்.

வேலை கிடைப்பது வணிக ஆர்பிட்ரேஷனில். ஆனால் அதன் அன்றாடம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ரெட்ஃபெர்ன் ஷெட்யூல் என்று ஓர் அட்டவணை. எதிர்த்தரப்பிடம் என்ன ஆவணம் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம், அவர்கள் ஏன் தரமாட்டேன் என்கிறார்கள், நடுவர் என்ன சொல்கிறார் என்று நாலு பத்தி. போன மாதம் எனக்கு 63 வரிசை. ஒரு பாலம் கட்டிய வழக்கு, சிமென்ட் லாரி எத்தனை மணிக்கு வந்தது என்ற டெலிவரி சீட்டுக்காக இரண்டு நாள் வாதம் எழுதினேன். சர்வதேச சட்டம் என்று பொள்ளாச்சியில் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த வேலையில் நான்கு வருடம் அஃபிடவிட் அடித்த கை உங்களுக்கு உதவும், மூட் கோர்ட் என்ற மாதிரி வழக்குப் போட்டியில் கோப்பை வாங்கியவர்கள் பல பேர் முதல் ஷெட்யூலிலேயே திணறினார்கள்.

38 லட்சத்துக்குக் கடன் வாங்கி, 'எப்படியும் அங்கேயே வேலை கிடைத்துவிடும்' என்ற கணக்கில் மட்டும் வராதீர்கள். பாதிக்கு மேல் உதவித்தொகை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள்.


பாரிமுனை பழைய ஆள் எழுதியது:

அந்தம்மா நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்லப்போகிறேன், 26 வருட பிராக்டீஸ், கோபித்துக்கொள்ளக் கூடாது.

வெளிநாட்டு எல்எல்எம் முடித்துவிட்டு வந்த மூன்று பேர் என்னிடம் ஜூனியராக இருந்திருக்கிறார்கள். ஒருவர் வந்த முதல் வாரமே, வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் தீர்ப்புகளை அமல்படுத்தும் நியூயார்க் உடன்படிக்கையைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்தார், இரண்டாவது வாரம் ஒரு கவுன்டர் (எதிர் மனு) அடிக்கச் சொன்னேன், மூன்றாவது வாரம் ஆளைக் காணோம். இன்னொரு பெண் இன்றைக்கு என்னைவிட நன்றாக ஆர்பிட்ரேஷன் செய்கிறது. வித்தியாசம் படிப்பில் இல்லை, அந்தப் பெண் போவதற்கு முன் ஐந்து வருடம் சிட்டி சிவில் கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரித்துப் பழகியிருந்தது.

இங்கே ஆர்பிட்ரேஷன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 1996 சட்டம் ஐ.நா.வின் மாதிரிச் சட்டத்தைப் பார்த்து எழுதியது, பேப்பரில் எல்லாம் உலகத் தரம். நடைமுறையில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வீட்டு மாடியில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், அதே வாய்தா, அதே "மை லார்ட்". தீர்ப்பு வந்தபிறகு 34-ஆவது பிரிவில் ரத்து செய்யச் சொல்லி மனு, அப்புறம் அப்பீல். தகராறு தீர்ந்தபாடில்லை. ஹேக்கில் படிப்பது இந்த மாடிக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று, சர்வதேச விஷயம் நம் ஊரில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர் என்னிடம் வந்தார். வெளிநாட்டு பையர் 14 லட்சத்துக்குச் சரக்கை வாங்கிக்கொண்டு தரம் சரியில்லை என்று பணத்தை நிறுத்திவிட்டார். காகிதத்தைப் பார்த்தேன். எட்டாவது பக்கத்தில், பொடி எழுத்தில், தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், இருக்கை (சட்டப்படி அது நடக்கும் இடம்) லண்டன், மூன்று நடுவர்கள். 14 லட்சத்துக்கு லண்டனில் மூன்று நடுவர்! அவர்கள் கட்டணம் மட்டுமே சரக்கு விலையைத் தாண்டும். "இது என்ன வாசகம், யார் எழுதியது" என்றேன். "பழைய ஆர்டரில் இருந்தது சார், அப்படியே காப்பி அடித்துப் போட்டோம்" என்றார். பணத்தை விட்டுவிட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு பாராவைப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்திருந்தால்? திருப்பூர், கரூர், தூத்துக்குடி, ஆம்பூர் எல்லா இடத்திலும் இந்த எட்டாவது பக்கம் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்கிற வக்கீலுக்கு இங்கே பிழைப்பு உண்டு, அதற்கு நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை.

மீடியேஷனைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. நாட்டில் நீதிமன்ற வளாகத்துக்குள் சமரச மையம் முதலில் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005-ல். வழக்கைக் கோர்ட்டுக்கு வெளியே தீர்க்க அனுப்பும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவுக்கு உயிர் வந்ததே சேலம் வக்கீல்கள் சங்கம் போட்ட வழக்கால், திருத்தம் கூடாது என்று போனவர்கள் சமரசத்துக்கு வழிபோட்டுவிட்டு வந்தார்கள். சென்னை மையத்தை உருவாக்கிய ஸ்ரீராம் பஞ்சுவும் காரைக்குடிக்காரரான நீதிபதி கலிஃபுல்லாவும் 2019-ல் அயோத்தி சமரசக் குழுவில் இருந்தார்கள், மூன்று பேர் குழுவில் இரண்டு பேர் நம் ஆட்கள். 40 மணி நேரப் பயிற்சி, அப்புறம் மூத்தவர்கள் நடத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இப்போது 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் கோர்ட் அனுப்பும் கேஸுக்குத் தரும் தொகையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். அவ்வளவுதான்.


திருச்சி டிபன்பாக்ஸ் எழுதியது:

சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சுருக்கமாக.

பாரிமுனை சார் சொன்னது பிராக்டீஸுக்குச் சரி. ஆனால் பிற்பாடு டீச்சிங் பக்கம் வரும் எண்ணம் துளி இருந்தாலும், வெளிநாட்டு ஒரு வருட எல்எல்எம் இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். 2021 ஜனவரியில் பார் கவுன்சில் ஒரு வருட எல்எல்எம்மையே எடுத்துவிடுவதாக விதி போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், உடனே அமல்படுத்தமாட்டோம் என்று சொன்ன கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடம் என் மாணவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

பணம் பற்றி. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், நான்கு வருட ஜூனியர்ஷிப்பில் அது தாராளமாக வரும், சீனியரிடம் கடிதம் வாங்கும் பாடு உங்களுடையது. ஆகஸ்ட் வாக்கில் திறக்கும். முடித்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை, திரும்பும் எண்ணம் உள்ளவருக்கு அது நிபந்தனையே இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பட்டியலில் இருந்தால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தைப் பாருங்கள். கோஸ்டாரிகாவில் ஐ.நா. 1980-ல் உருவாக்கிய சமாதானப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச சட்டமும் தகராறுத் தீர்வும் என்றே ஒரு முதுகலை உண்டு, வழக்காடும் பக்கம் மட்டும் வேண்டும் என்றால் ஜெனீவாவில் 2008-லிருந்து நடக்கும் ஒன்று பெயர் பெற்றது. டெல்லியில் சார்க் நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நேபாளம், இலங்கை மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எல்லைத் தகராறு படிப்பது லண்டனில்கூட இந்த மாதிரிக் கிடைக்காது. செலவு உங்கள் 38 லட்சத்துக்குப் பக்கத்திலேயே வராது.

காசே இல்லாமல் வேண்டும் என்றால் ஐ.நா.வின் சர்வதேச சட்ட ஒலி ஒளி நூலகம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பெரிய பெரிய ஆட்களின் விரிவுரைகள். முதலில் பத்து கேளுங்கள். தூக்கம் வந்தால் 38 லட்சம் மிச்சம்.

ஒரு கிளைக்கதை. சர்வதேச சட்டம் என்றால் ஹேக், ஜெனீவா என்று வாயைப் பிளக்கிறோம். 1951-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு அலெக்ஸாண்ட்ரோவிச் என்ற போலந்துக்காரர் வந்து சர்வதேச சட்டத்துக்கும் அரசியலமைப்புச் சட்டத்துக்கும் ஒரு துறை தொடங்கினார், பத்து வருடம் இங்கே இருந்தார், மறுவருடமே ஓர் ஆண்டு மலரும் தொடங்கினார். நம் பக்கத்து ராஜாக்களும் ஐரோப்பியக் கம்பெனிகளும் சமமாக உட்கார்ந்து போட்ட பழைய உடன்படிக்கைகளைத் தேடி எடுத்து, சர்வதேச சட்டம் ஐரோப்பாவின் சொத்து இல்லை என்று வாதாடியவர். இன்றைக்கு வெளிநாட்டுப் பாடத்திட்டங்களில் அவர் பெயர் வருகிறது, கடற்கரைச் சாலையில் போகிற நமக்குத் தெரியாது.


குருநகர்க்காரன் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருக்கிறேன். இந்தத் திரியை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதுவதா விடுவதா என்று யோசனை.

தம்பி, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற அந்த அஃபிடவிட்டில் எங்கட கடற்றொழிலாளர் எங்கேயாவது வருகினமா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே அறியத்தான் கேட்கிறேன். மனுதாரர், இந்திய அரசு, இலங்கைக் கடற்படை என்று மூன்று பேர் இருப்பார்கள். நான்காவது ஆள் ஒருவர் யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் மன்னார்ப் பேசாலையிலும் இருக்கிறார், அவருடைய வலையை இழுவைப்படகு வாரிக்கொண்டு போனபிறகு அவரும் ஏதோ ஒரு சட்டத்தரணியின் வாசலில்தான் வந்து இருக்கிறார், உங்கட அம்மாமார் படியில் இருக்கிற மாதிரியே. இரண்டு பேரும் தமிழ், இரண்டு பேரும் கடனில் வலை வாங்கினவை.

இழுவைமடித் தொழிலை, அதுதான் இழுவைப்படகு கடலடியை வாரிப் பிடிப்பதை, இங்கே 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், எங்கட ஆட்களுக்கும் சேர்த்துத்தான். 2014-ல் சென்னையில் ஒருமுறையும் கொழும்பில் ஒருமுறையும் இரண்டு பக்கத்து மீனவர் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் இருந்து கதைத்தார்கள். உங்கட பக்கம் இழுவைமடியை விடுவதற்கு அவகாசம் கேட்டது, எங்கட பக்கம் இனியும் அவகாசமா என்றது, முடிவு வரவில்லை. ஆனால் நான் அறிந்தவரைக்கும், இந்தப் பிரச்சினையில் யாராவது எதிர்த்தரப்பின் முகத்தைப் பார்த்துப் பேசினது அந்த மாதிரி நாட்களில் மட்டும்தான். தகராறுத் தீர்வு என்று 38 லட்சம் கட்டிப் படிக்கப்போகிற பாடத்தின் முதல் கேள்வி 'அறைக்குள் யார் யார் இருக்க வேண்டும்' என்பதுதான். அதை நீங்கள் ராமேஸ்வரத்திலேயே தொடங்கலாம்.

சின்ன ஆட்களின் தகராறை யார் தீர்ப்பது என்பதற்கு எங்கட நாட்டில் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. ஊரில் மதிப்பான ஆட்கள் சேர்ந்து இருந்து கேட்பார்கள், சட்டத்தரணி போய்ப் பேச அங்கே இடமில்லை. தொடக்கத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, பிழைப்பில் மண் என்று. பிறகு ஒரு வேலி வழக்கு, நான் ஆறு வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் இழுத்தது, சபையில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் இரண்டு அமர்வில் முடித்துவைத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி, "பூவரச மரம் யார் வைத்தது?" ஆறு வருடத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை. வணிகப் பக்கத்திலும் சமரசத்துக்கான சிங்கப்பூர் உடன்படிக்கைக்கு இந்தியாவும் நாங்களும் 2019-ல் ஒரே நாளில் கையெழுத்து வைத்தோம், நாங்கள் 2024-ல் அதற்கான சட்டமும் கொண்டுவந்துவிட்டோம்.

படிக்கப் போகிறீர்களோ இல்லையோ, எங்கட நாட்டு நீதிபதி வீரமந்திரி சர்வதேச நீதிமன்றத்தில் இருந்து 1997-இல் எழுதிய தனி அபிப்பிராயத்தைத் தேடிப் படியுங்கள். டானூப் ஆற்றில் அணை கட்டுவது பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் வழக்கு. அதற்குள் அவர் எங்கட குளங்களைக் கொண்டுவந்து வைக்கிறார், மழைத்தண்ணீர் மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்று மன்னர் பராக்கிரமபாகு சொன்னதை எடுத்து வைக்கிறார். ஹேக்கில் இருக்கிற நீதிமன்றத்தின் ஏட்டில் எங்கட குளக்கட்டு. உங்கட சீனியர் சொல்கிற புஸ்தகச் சட்டத்துக்குள் ஊரை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான்.


பாரிமுனை பழைய ஆள் எழுதியது:

பூவரச மரம். அடடா. நானும் ஒரு வேலி கேஸ் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன் ஐயா, நாளைக்கே கேட்டுப் பார்க்கிறேன்.


மதுரைக்கிளை ஜூனியர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன்.

பேங்குக்கு இந்த வருடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அட்மிஷனை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்றும், ஈரக்குடை அக்கா சொன்ன மாதிரி ஹேக்குக்கு யாரையாவது அனுப்புவீர்களா என்றும் சேர்த்தே மெயில் போட்டிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, முதல் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. தள்ளலாமாம், ஆனால் கட்டின டெபாசிட் திரும்பாது. செவனிங்குக்கு ஆகஸ்டில் போடுவேன். டிபன்பாக்ஸ் மேடம், அந்த நூலகத்தில் ஏழு விரிவுரை கேட்டேன், நாலில் தூங்கினேன், மூன்றை இரண்டாவது தடவை கேட்டேன். இதை எந்தக் கணக்கில் வைப்பது?

மீடியேஷன் பயிற்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். பாரிமுனை சார், எட்டாவது பக்கத்தைச் சீனியரிடம் சொன்னேன், முதல்தடவையாகக் கண்ணாடியை இறக்காமல் கேட்டார்.

குருநகர் அண்ணாவுக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. நான் அடித்த அஃபிடவிட் எல்லாவற்றையும் நேற்று ராத்திரி கம்ப்யூட்டரில் திறந்து தேடினேன், நான்கு வருடத்தில் 17. நீங்கள் கேட்ட நான்காவது ஆள் ஒன்றில்கூட இல்லை. அப்பாவிடம் கேட்டேன். எங்கள் ஊரில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு, திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு. இரண்டும் ஒரே நாளில் போனால் வலை அறுபடும், அடிதடி வரும் என்று ஊர் பேசி முடித்தது. "அப்போ அந்தப் பக்கத்து ஆட்களோடு அப்படி ஒன்றும் பேசலையாப்பா" என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்.

இப்போது ஒரு கட்டு வந்திருக்கிறது, ஒன்பது பேர். அதில் ஒரு பாரா சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதோடு, இரண்டு பக்கத்துத் தொழிலாளிகளும் மறுபடி உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்ய வேண்டும் என்று. சீனியர் அடித்துவிடுவார், பரவாயில்லை, அடிக்கட்டும். அண்ணா, உங்கள் பக்கம் அறுபடுகிற வலைக்கு என்ன பெயர்? வெறுமனே வலை என்று எழுதலாமா?


குருநகர்க்காரன் எழுதியது:

வலை என்று மட்டும் எழுதினால் காணாது தம்பி. நண்டுவலை என்று எழுதுங்கள். பின்னேரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து விடிய எடுப்பது, அந்த இரவுக்குள்தான் உங்கட படகுகள் வரும். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள், திங்கள், புதன், சனி எங்களுக்கும் தெரியும். அந்த மூன்று நாளும் இங்கே கனபேர் வலை போடுவதில்லை.